உடைக்க முடியாத கம்ப்யூட்டர்

"உடைக்கவே முடியாத கம்ப்யூட்டர்னு சொல்றியே, அப்போ அது கெட்டுப்போனா எதைத் தொட்டுச் சரி பண்ணுவே?"

இரண்டு மாதத்துக்கு முன்னால் அத்தான் சின்னவளிடம் கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். பதில்தான் நீளம். நீளமான பதில்கள் சின்னவளின் தொண்டையில் பாதியிலேயே நின்றுவிடும். அதனால் சுருக்கமாகச் சொல்லிவைத்தாள்.

"நேத்துக்குத் திரும்பிடலாம், அத்தான்."

அந்த ஒரு வரி இந்தப் புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு அவள் தலையிலேயே வந்து விடிந்தது.

அக்காவின் காது பரிசோதனைக் கடையில் இரண்டே அறைகள். முன்னறையில் ஒரு மேசை, கம்ப்யூட்டர், பிரிண்டர், வருகிறவர்களுக்கு மூன்று நாற்காலி. பின்னறையில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு ஒலி புகாத அறை. பழைய மர அலமாரியின் தட்டுகளை எடுத்துவிட்டு, உள்ளே பஞ்சுப்பலகை ஒட்டி, முன்னறை மேசை தெரியும்படி முன்பக்கம் கண்ணாடி ஜன்னல் வைத்தது. அக்கா அதைப் 'பெட்டி' என்பாள். அத்தான் 'பிரிட்ஜ்' என்பார்.

இப்போது அத்தான் கம்ப்யூட்டர் முன்னால் நின்று பிடரியைச் சொறிந்துகொண்டிருந்தார். திரையில் காது பரிசோதனை மென்பொருளின் படம் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"என்னங்க செஞ்சீங்க?" என்றாள் அக்கா.

"ஒண்ணும் செய்யலை."

"ஒண்ணும் செய்யாததுக்கா இப்படி முழிக்கிறீங்க?"

"கல்யாண வீடியோ ரெண்டு எடிட் பண்ணணும். இடம் பத்தலை. என்னமோ ஒரு போல்டர், மூணு மாசமா யாரும் திறக்காத மாதிரி பெருசா உட்கார்ந்திருந்துச்சு. அழிச்சேன்." அத்தான் சின்னவளைப் பார்த்தார். "இவதானே சொன்னா, எதை அழிச்சாலும் நேத்துக்குத் திரும்பிடலாம்னு? திரும்பியும் பார்த்துட்டேன். ஆரம்பத்துல வர்ற பட்டியல்ல நேத்து தேதியத் தேர்ந்தெடுத்தேன். நேத்து வந்துடுச்சு. அது மட்டும் வரலை."

சின்னவளுக்குக் காது சூடாகியது.

இன்று இது நடந்திருக்கவே கூடாது. காரணம், போன வாரம் நடந்த ஒரு விபத்து. அப்பா ஓட்டும் பேருந்தின் பின்கதவில் ஒரு பள்ளிக் குழந்தையின் பை சிக்கியது. குழந்தை பத்தடி தூரம் பேருந்தோடு ஓடியது. அதன் அம்மா கத்திய கத்தல் எதிர்க்கடைக்காரனுக்குக் கேட்டது. அப்பாவுக்குக் கேட்கவில்லை. பை அறுந்ததால் குழந்தை பிழைத்தது. "எஞ்சின் சத்தத்துல எவனுக்குக் கேட்கும்?" என்று அப்பா ஒரே போடாகப் போட்டார். கம்பெனி அதை ஏற்கவில்லை. இன்று மூன்று மணிக்குள் புதிய காது பரிசோதனைத் தாள் கம்பெனி டாக்டர் கைக்குப் போக வேண்டும். தாள் சரியாக இருந்தால் நாளைக்கு வண்டி. இல்லையென்றால் முப்பது வருட ஸ்டீயரிங் இன்றோடு சரி.

ஊருக்குள் கம்பெனி அங்கீகரித்த பரிசோதனைக் கடை அக்காவுடையது ஒன்றுதான். சொந்த மகளே கையெழுத்துப் போடலாமா என்று யாரும் இதுவரை கேட்டதில்லை.

"சின்னவளே," என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி. "திரும்ப வருமா வராதா? ஒரு வார்த்தை சொல்லு."

சின்னவள் திரையைக் காட்டினாள்.

"இந்தக் கம்ப்யூட்டர்ல சுவர், கூரை எல்லாம் பூட்டி வெச்சது. யாரும் தொட முடியாது. நேத்துக்குத் திரும்பினா அதுதான் திரும்பும்." நிறுத்தினாள். "வீட்டுக்குள்ள இருக்கிற சாமான் திரும்பாது. அத்தான் அழிச்சது சாமான்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அத்தான்.

"நீங்க கேட்கலை."

"ஊமைக்கோட்டான்! பேசினா முத்து உதிர்ந்துடுமேன்னு பாதியில நிறுத்திக்கிறது, அப்புறம் பழி எம்மேல."

"உங்ககிட்ட முழுசா சொல்லியிருந்தாலும் செவிடன் காதுல ஊதின சங்குதான்," என்றாள் அக்கா.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஓரத்து நாற்காலியில் சீருடையோடு அப்பா உட்கார்ந்திருந்தார். செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். முகத்தில் ஒன்றும் இல்லை.

நல்லவேளை, கவனிக்கவில்லை என்று அக்கா நினைத்தாள்.

*

முன்பு இந்தக் கடையில் விண்டோஸ் கம்ப்யூட்டர்தான் இருந்தது. வருகிறவர்கள் கொண்டுவரும் பென்டிரைவ், அத்தானின் கல்யாண வீடியோ, கண்ட இடத்திலிருந்து இறக்கிய இலவச மென்பொருள் என்று எல்லாம் சேர்ந்து, மூன்று முறை வைரஸ் வந்து கடை முடங்கியது. மூன்றாம் முறை, ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்ட சின்னவள், யாரையும் கேட்காமல் விண்டோஸை எடுத்துவிட்டு இந்த லினக்ஸைப் போட்டாள். அடிப்பகுதி பூட்டியே இருக்கும் வகை. புதுப்பித்தாலும் பழையது அப்படியே பக்கத்தில் இருக்கும்.

ஒரே சிக்கல், காது பரிசோதனை மென்பொருள் விண்டோஸுக்கென்று எழுதியது. அதை இங்கே சும்மா இறக்கி ஓட்ட முடியாது. பூட்டிய வீட்டுக்குள் அதற்கென்று தனியாக ஒரு சின்ன அறை கட்டி, 'நீ விண்டோஸில்தான் இருக்கிறாய்' என்று அதை நம்பவைக்க வேண்டும். அந்த அறைக்கு வெளியே எதைத் தொடவும் ஒவ்வொன்றாக அனுமதி கொடுக்க வேண்டும். பிரிண்டருக்கு ஓர் அனுமதி. நோயாளி அழுத்தும் பொத்தானுக்கு ஓர் அனுமதி.

முதல் முறை கட்ட அவளுக்கு ஒன்பது நாள் ஆனது. ஒவ்வொரு அடியையும் ஒரு கோடு போட்ட நோட்டில் எழுதிவைத்திருந்தாள்.

இன்று நாலரை மணி நேரம்.

"மதியத்துக்குள்ள முடிச்சிடுவியா?" என்றாள் அக்கா.

சின்னவள் நோட்டைப் பிரித்து மேசையில் வைத்தாள். அதுதான் பதில்.

பதினொன்றேகாலுக்கு அறை தயாரானது. பதினொன்று ஐம்பதுக்கு மென்பொருளை நிறுவும்போது எண்பது சதவீதத்தில் நின்றது. அப்படியே நின்றது. அத்தான் பின்னால் வந்து எட்டிப்பார்த்தார்.

"ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணா?"

"அத்தான்."

"சரி சரி. நான் வாயே திறக்கலை."

வாயைத் திறக்காமல் அவர் வெளியே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தார். குற்றம் செய்த மனுஷன் வாங்கிவரும் டீயில் சர்க்கரை எப்போதும் ஒரு கரண்டி அதிகம் இருக்கும்.

நோட்டின் பதினாறாம் பக்கத்தில் இதற்கும் ஒரு வரி இருந்தது. எழுத்துருக்கள் சில குறைகின்றனவாம். அவற்றை முதலில் போட்டுவிட்டு மறுபடி ஓட்டினாள். எண்பது. எண்பத்தொன்று.

பன்னிரண்டே முக்காலுக்கு மென்பொருள் திறந்தது. பொத்தானுக்கு அனுமதி கொடுத்தாள். அழுத்திப் பார்த்தாள். திரையில் பச்சைப் புள்ளி மின்னியது. பிரிண்டருக்குக் கொடுத்தாள். வெற்றுத்தாள் ஒன்று வந்து விழுந்தது.

"வந்துடுச்சு!" அத்தான் கைதட்டினார். "கோட்டான் இல்லைடி நீ, எங்க வீட்டு எஞ்சினியர்."

"பழைய பதிவெல்லாம்?" என்றாள் அக்கா.

சின்னவள் தலையை ஆட்டினாள். போனது போனதுதான். அப்பாவின் ஆறு வருடத் தாள்களும் அதில் இருந்தன.

"பரவாயில்லை, புதுசா எடுக்கப்போறோம். அப்பா, வாங்க. மணி ஒண்ணு. நீங்க அங்க போக முக்கால் மணி ஆகும்." அக்கா அவர் தோளைத் தொட்டாள்.

தொட்டதும் அப்பா எழுந்தார்.

*

தினமும் காலையில் கடை திறந்ததும் அக்கா ஒரு காரியம் செய்வாள். ஹெட்போனைத் தன் காதில் மாட்டி, எல்லா ஒலிகளையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பாள். தொழில் கற்ற இடத்தில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது அது. பதினோரு வருடத்தில் ஒருநாளும் தவறியதில்லை.

இன்று தவறியது. அவள் திரும்புவதற்குள் அப்பா பெட்டிக்குள் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டுவிட்டார். வழக்கம்போல நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"சுவரைப் பார்த்து உட்காரணும்ப்பா."

"அடைச்ச மாதிரி இருக்குடி. உன் முகத்தையாவது பார்க்கிறேன்."

ஒவ்வொரு முறையும் சொல்வதுதான். ஒவ்வொரு முறையும் அக்கா விட்டுக்கொடுப்பதுதான். கதவைச் சாத்தினாள்.

பரிசோதனை எளிது. அக்கா மௌஸை அழுத்தினால் ஹெட்போனில் ஓர் ஒலி போகும். கேட்டால் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். ஒலி படிப்படியாகக் குறைந்துகொண்டே போகும். எங்கே கேட்காமல் போகிறதோ அங்கே ஒரு புள்ளி.

அக்கா அழுத்தினாள். பச்சைப் புள்ளி. அழுத்தினாள். பச்சை. அழுத்தினாள். பச்சை. ஒன்றை விட்டார். அடுத்தது பச்சை.

அத்தான் நகத்தைக் கடித்தார். சின்னவள் மேசையின் மறுமுனையில் நோட்டில் செய்து முடித்த வரிகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தாள்.

பதினைந்தே நிமிடம். பிரிண்டர் தாளைத் தள்ளியது. ஐம்பத்தேழு வயதுக்கு இருக்க வேண்டிய அளவு கோட்டில் கொஞ்சம் சரிவு. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அக்கா மூச்சு விட்டாள். முத்திரை குத்தினாள். கையெழுத்துப் போட்டாள்.

"பாஸ்!" என்றார் அத்தான். "மாமா காது கண்டக்டர் விசிலைவிட ஷார்ப்பு."

அப்பா பெட்டியிலிருந்து வெளியே வந்து தொப்பியைத் தேடினார். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷம் இல்லை. பிரேக் பிடித்து வண்டி சரியான இடத்தில் நின்றபின் டிரைவர்களுக்கு வருமே, அந்த முகம்.

சின்னவளின் பேனா கடைசி வரியில் நின்றது.

'ஒலிக்கு அனுமதி.'

அந்த வரி மட்டும் அடிக்கப்படாமல் இருந்தது.

அவள் திரையைத் தன் பக்கம் மெல்லத் திருப்பினாள். அனுமதிகளின் பட்டியலைத் திறந்தாள். பொத்தான், திறந்திருக்கிறது. பிரிண்டர், திறந்திருக்கிறது. ஒலி, மூடியிருக்கிறது.

மூடியே இருந்திருக்கிறது.

மென்பொருள் ஒலியை அனுப்பியதாக நினைத்துக்கொண்டது. ஒலி அந்தச் சின்ன அறையின் சுவரைத் தாண்டவே இல்லை. ஹெட்போனுக்குள் கால்மணி நேரமும் ஒரு சத்தமும் போகவில்லை.

அப்படியானால் அப்பா எதற்கு அழுத்தினார்?

அவள் நிமிர்ந்து பெட்டியின் ஜன்னலைப் பார்த்தாள். அதற்கு நேர் எதிரே அக்காவின் நாற்காலி. அக்கா மௌஸை அழுத்தும்போதெல்லாம் அவளுடைய வலது தோள் லேசாக இறங்கும். சின்னவள் அதைப் பல முறை பார்த்திருக்கிறாள். அப்பாவும் பார்த்திருக்கிறார். ஆறு வருடமாக. நம்பும்படி இருக்க வேண்டும் என்று நடுநடுவே ஒன்றிரண்டை விட்டும் இருக்கிறார்.

சின்னவளின் விரல் மௌஸின் மேல் இருந்தது. ஒரு சொடுக்கு. ஒலியைத் திறந்துவிட்டு, வரியை அடித்துவிட்டு, நோட்டை மூடினால் உலகத்தில் யாருக்கும் தெரியாது. தாள் சரியாக இருக்கிறது. கையெழுத்து இருக்கிறது. அப்பாவுக்கு நாளைக்கு வண்டி இருக்கிறது.

நாளைக்குக் காலை ஏழரைக்கு அந்த வண்டியில் பள்ளிக் குழந்தைகளும் இருப்பார்கள்.

சொடுக்கினாள். ஒலி திறந்தது.

"அக்கா."

"என்னடி? நேரமாச்சு, அந்தக் கவரை எடு."

"சத்தம் போகவே இல்லை."

"எந்தச் சத்தம்?"

"ஹெட்போன்ல. நான் ஒலிக்கு அனுமதி குடுக்க மறந்துட்டேன். டெஸ்ட் முழுக்க மூடியே இருந்துச்சு."

அத்தான் சிரித்தார். "போடி. சத்தம் வராம மாமா எப்படி அழுத்துவார்?"

கேட்டுவிட்டு அவரே சிரிப்பை நிறுத்தினார்.

அக்கா பெட்டிக்குள் போனாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, "போடு," என்றாள். சின்னவள் போட்டாள். "வருதே!"

"இப்போ வருது. இப்போதான் திறந்தேன்."

அக்கா ஹெட்போனைக் கழற்றவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் அப்படியே நின்றாள். வெளியே வந்தபோது அவள் முகம் வேறாக இருந்தது.

"அப்பா, இன்னொருவாட்டி உட்காருங்க."

"மணி ஆச்சு பெரியவளே."

"அஞ்சு நிமிஷம். சுவரைப் பார்த்து."

அப்பா அவள் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சின்னவளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், நாற்காலியை அவரே சுவர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்தார்.

அக்கா கதவைச் சாத்தவில்லை.

முதலில் தடித்த ஒலிகள். லாரி உறுமல் மாதிரியானவை. அப்பா அழுத்தினார். பச்சை. பச்சை. பிறகு அக்கா மேலே போனாள். சின்ன மணி மாதிரி. குருவி மாதிரி. பெண்கள் பேச்சில் இழையோடும் மெல்லிய ஒலிகள்.

பச்சைப் புள்ளி வரவில்லை.

அக்கா அளவைக் கூட்டினாள். வரவில்லை. இன்னும் கூட்டினாள். இன்னும்.

இப்போது அது ஹெட்போனிலிருந்து கசிந்து திறந்த கதவு வழியாக முன்னறைக்கு வந்தது. கொசு ரீங்காரம் போல ஆரம்பித்து, விசிலாகி, அறை முழுக்க நிறைந்தது. அத்தானுக்குக் கேட்டது. சின்னவளுக்குக் கேட்டது. வாசலில் போன ஒருவர் கூடத் திரும்பிப் பார்த்தார்.

அப்பா சுவரைப் பார்த்தபடி, கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்து, ஒலிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"போதும், நிறுத்து," என்றார் அத்தான். "போதும்ங்கிறேன்ல."

அக்கா நிறுத்தினாள்.

சின்னவளுக்கு அந்த நேரத்தில் எதற்கோ ஒன்பதாம் வகுப்பு நினைவுக்கு வந்தது. எல்லோர் முன்னும் எழுந்து வாசிக்கச் சொல்லும் டீச்சர். ஒரு காலையில் அப்பா வண்டிக்குக் கிளம்பும்போது பின்னாலேயே போய், "அப்பா, நீங்க வந்து டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை பேசுங்கப்பா," என்று அவள் கெஞ்சியது. அவர் திரும்பாமல் தலையை ஆட்டிவிட்டுப் போனது. வரவே இல்லை. அதற்குப் பிறகு அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை. 'என் சின்னப் பொண்ணு வாயே திறக்காது' என்று அவர் எல்லோரிடமும் பெருமையாகவோ வருத்தமாகவோ சொல்வார்.

அன்று அவள் வாயைத் திறந்திருந்தாள்.

அப்பா ஹெட்போனைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். வெளியே வந்தார். மூவரும் அவரைப் பார்த்தார்கள்.

"எப்போலேருந்துப்பா?" அக்கா அவருக்கு முன்னால் போய் நின்று, வார்த்தைகளைப் பிரித்துப் பிரித்துக் கேட்டாள்.

"கொஞ்ச நாளா."

"ஆறு வருஷமா என் தோளைப் பார்த்துப் பார்த்து அழுத்தியிருக்கீங்க. என் கையெழுத்து. என் கடை. தெரிஞ்சுதானே செஞ்சீங்க?"

"தடித்த சத்தமெல்லாம் கேட்குதுடி. ஹாரன் கேட்குது. எஞ்சின் கேட்குது. வண்டிக்கு அது போதும்."

"அந்தக் குழந்தையோட அம்மா கத்தினது?"

அப்பா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"காது மிஷின் மாட்டிக்கலாம்ப்பா," என்றாள் அக்கா. "நானே பொருத்துறேன். ரெண்டு மாசம் பழகினா திரும்ப டெஸ்ட் எடுக்கலாம். இன்னைக்கு மட்டும் இந்தத் தாள் வேணாம்."

"ரெண்டு மாசம் கழிச்சு என் ரூட்டு எனக்காகக் காத்திருக்குமா?"

"மாமா சொல்றதையும் கொஞ்சம்..." என்று அத்தான் ஆரம்பித்தார். அக்கா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கினார்.

அக்கா முகத்தைக் கழுவப் பின்னறைக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் ஓடியது. நிற்காமல் ஓடியது. அத்தான் அவள் பின்னாலேயே போனார்.

முன்னறையில் அப்பாவும் சின்னவளும். சுவர்க் கடிகாரத்தில் ஒன்றே முக்கால். பிரிண்டரின் பக்கத்தில் முதல் தாள். அக்காவின் முத்திரை, அக்காவின் கையெழுத்து, கொஞ்சமே சரிந்த கோடு.

அப்பா அதை எடுத்தார். அவசரமில்லாமல் இரண்டாக மடித்தார். நான்காக மடித்தார். சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு கதவை நோக்கித் திரும்பினார்.

சின்னவள் எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"அப்பா, அதை எடுத்துட்டுப் போகாதீங்கப்பா."

பள்ளியை விட்ட பிறகு அவள் இவ்வளவு உரக்கப் பேசியதே இல்லை. பின்னறையில் தண்ணீர் சட்டென்று நின்றது.

அப்பாவின் முதுகு ஒரு கணம் நின்றது போல இருந்தது. கதவின் கைப்பிடியைத் தேடி நின்றதா, அவள் குரலுக்கு நின்றதா, அவளால் சொல்ல முடியவில்லை.

பிறகு கதவைத் திறந்து, திரும்பாமல், வெயிலில் இறங்கி நடந்தார்.